பூஞ்சை மாதிரி ஒன்று

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கண்ணுல பூஞ்சைன்னாங்க, அப்பால பூஞ்சை இல்லன்னாங்களாமே, அப்ப இன்னாதான் அது?" நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அவர்கள் முகம் மாறிவிடுகிறது. சிலர் டாக்டர்கள்தான் குழப்பிவிட்டார்கள் என்கிறார்கள். சிலர் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, வாங்கிவந்த ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கே பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை இங்கே எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இதைக் கையில் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை எனக்கு. அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றி வண்டிப் பாகங்கள் செய்கிற இடம். கடைசி இன்ஸ்பெக்ஷன் மேஜை என்னுடையது. வருகிற பாகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விளிம்பில் பிசிறு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, ஊசிமுனை அளவுக்காவது ஓட்டை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் பச்சைத் தொட்டி, இல்லையென்றால் சிவப்புத் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொட்டி கிடையாது. என் கையால் சிவப்புத் தொட்டிக்குப் போன பாகத்துக்காக என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

அன்றைக்குப் பக்கத்து மேஜையில் ஏர் கன் ஓடிக்கொண்டிருந்தது. பாகத்தில் ஒட்டிய தூளை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளுகிற கருவி அது. மூச்சுக்காற்றில் மங்கிவிட்டதென்று பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தேன். சுருக்கென்று வலது கண்ணில் ஏதோ விழுந்தது.

என் பக்கத்தில் நிற்பவள் மாரியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் நாலு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். உடனே கைக்குட்டை நுனியைத் திரியாக முறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"யக்கா, அசையாம நில்லுங்க. ஒரு நொடில எடுத்துருதேன். எங்கூர்ல இப்படித்தான் எடுப்பாவ."

"கையை எடு. செவுத்துல போஸ்டர்ல இன்னா போட்டிருக்கு? கசக்காதே, தொடாதே, கண் கழுவும் குழாய்க்குப் போ. படிச்சவதானே நீ?"

சொல்லிவிட்டு நேராக அந்தக் குழாய்க்குப் போனேன். பச்சை பெயின்ட் அடித்த தாங்கி, மேலே ஒரு தொட்டி, கீழே பளபளவென்று ஒரு கிண்ணம், அதில் மேல்நோக்கிப் பீய்ச்சும் இரண்டு வாய்கள். திங்கட்கிழமைதோறும் துடைத்து வைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அதில் கண் கழுவிப் பார்த்ததில்லை. முதலில் வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக, ஊறவைத்து மறந்துபோன துணியின் வாசத்தோடு வந்தது. அப்புறம் சரியாகிவிட்டது. போஸ்டரில் போட்டபடி கால் மணி நேரம் கண்ணை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூள் போய்விட்டது. மாரியிடம் போய், "பாத்தியா?" என்று ஒரு பார்வை வேறு பார்த்தேன்.

மூன்றாம் நாள் கண் சிவந்தது. அதற்கடுத்த நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலை வேறொரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கருவிழி மேல சாதப் பருக்கை ஒட்டிக்கினு கீற மாரி கீது" என்றார். குன்றத்தூரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். அந்த டாக்டர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. உடனே சென்னைக்கு, பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். அவர் சொன்ன வேகத்தில்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

கண் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடம் ஒரு விசித்திரமான இடம். எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டோ, இரண்டையும் மூடிக்கொண்டோ உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். எங்களைக் கூப்பிட மதியமாகிவிட்டது.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். குரலை உயர்த்தவே மாட்டார். கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார். "கருவிழியில புண் வந்திருக்கும்மா. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்க வேண்டிய இடம். அதுல கிருமி இறங்கியிருக்கு. கண்ணுல என்ன விழுந்தது?"

"அலுமினியத் தூள், மேடம்."

எழுதிக்கொண்டார். கழுவியதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தண்ணீர் விட்டுக் கழுவியதை யாராவது நோய்க் காரணமாகச் சொல்வார்களா? அது நல்ல காரியம் அல்லவா?

மரத்துப்போகச் சொட்டு விட்டு, ஒரு சின்னக் கத்தியால் புண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். வலி இல்லை. கத்தி வருவது மட்டும் தெரிந்தது. நான் ஏழுமலையின் கையைப் பிடிப்பதாக நினைத்து நர்ஸின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். சுரண்டியதில் கொஞ்சத்தைக் கண்ணாடித் துண்டில் தடவினார்கள். மீதியை, கிருமி வளர்வதற்கென்று கூழ் ஊற்றி உறையவைத்த வட்டத் தட்டுகளில் கீறி வைத்தார்கள்.

மாலையில் டாக்டர் வந்தார். "மைக்ராஸ்கோப்புல நூல் நூலா தெரியுது. பூஞ்சை."

"பூஞ்சைன்னா, பழைய ரொட்டில வருமே, அதுவா மேடம்?" என்றார் ஏழுமலை.

"அந்த ஜாதிதான். ஆனா அதுல ஆயிரம் வகை. எந்த வகைனு தட்டுல வளந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் பொதுவா பூஞ்சைக்குக் குடுக்கற மருந்தைப் போடுவோம்."

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதை அங்கே இருந்த நாட்களில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நூலை மட்டும் பார்த்து வகை சொல்ல முடியாதாம். தட்டில் அது பரவி, நிறம் பிடித்து, நூலின் நுனியில் விதை மாதிரி ஒன்றை விட வேண்டுமாம். ஒரு வகைக்கு அந்த விதை பிறை வடிவம். இன்னொன்றுக்கு நுனியில் உருண்டைத் தலை, அதைச் சுற்றிச் சரம் சரமாக மணிகள். இன்னொன்று துடைப்பம் மாதிரி விரிந்திருக்கும். விதையைப் பார்த்தால் வகை, வகை தெரிந்தால் மருந்து. கேட்கக் கேட்க எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இதுவும் இன்ஸ்பெக்ஷன் மேஜைதானே, பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மணிக்கொரு தரம், பகலும் இரவும், குலுக்கிவிட்டுப் போட வேண்டும். போட்ட கொஞ்ச நேரத்தில் இமையெல்லாம் மாவு காய்ந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஏழுமலை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். வெந்நீரில் பஞ்சை நனைத்து இமையைத் துடைத்துவிடுவார். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள்ளாத மனிதர். பில் விவகாரம் எதையும் என் காதுக்கு வரவிடவில்லை. கேட்டால், "நீ கம்முனு படு, அதெல்லாம் ஓடிக்கினு கீது" என்பார். மாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி வந்து, அறையில் சமைத்த புளிச்சோற்றைக் கொடுத்தாள். என் கண்ணைப் பார்த்துவிட்டு என் தலையைப் பின்னிவிட்டுப் போனாள்.

தட்டில் அது வளர்ந்தது. வேகமாகவே வளர்ந்தது. ஆனால் லேபிலிருந்து வந்த பதில் எனக்கு விளங்கவில்லை. நிறம் பிடிக்கவில்லை, தலை இல்லை, விதை இல்லை, தட்டோடு தட்டாக மங்கலாகப் படர்ந்திருக்கிறது. "பூஞ்சை, வகை தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள் என்றார் டாக்டர்.

"தெரியலைன்னா எப்படி மேடம்? ஒண்ணு இது, இல்லன்னா அதுன்னு சொல்ல வேணாமா?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என் மேஜையில் இப்படி எழுதிக் கொடுத்தால் சூப்பர்வைசர் விடுவாரா?

"சில பூஞ்சை விதை விட நாளாகும்மா. காத்திருந்து பாக்கணும்."

கண் காத்திருக்கவில்லை. பருக்கை அளவு இருந்த வெள்ளை, பட்டாணி அளவானது. ஓரத்தில் இழை இழையாக நீண்டது. இடது கண்ணை மூடினால் ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள், வேறொரு பூஞ்சை மருந்தைச் சேர்த்தார்கள். ஒரு நாள் காலையில் டாக்டர் ஏழுமலையையும் உட்காரவைத்துப் பேசினார். புண் விளிம்பை நெருங்குகிறது. விளிம்பைத் தாண்டிவிட்டால் கண்ணையே காப்பாற்றுவது கஷ்டம். அதற்குள் கருவிழியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்தவர் தானம் செய்த கருவிழியை வைத்துத் தைக்க வேண்டும். கிருமி உயிரோடு இருக்கும்போது வைத்தால் புதியதையும் அது தின்னலாம்.

"அப்போ வெச்சும் போயிடலாமா?" என்றேன்.

"போகலாம்" என்றார். பொய் சொல்லாததற்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. இருபது வருஷமாக இந்தக் கண்ணால்தான் பிழைக்கிறேன். ஒரு கண்ணுள்ளவளை இன்ஸ்பெக்ஷனில் யார் வைப்பார்கள் என்ற நினைப்பு ஒரு பக்கம், அதைவிடக் கேவலமாக, முகம் எப்படி இருக்கும் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் அழுதேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகுதான் லேப் டாக்டர் வார்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கையில் எதுவும் இல்லை. லேப் டாக்டர்கள் மாடி லேபை விட்டு இறங்கி நோயாளியிடம் வருவதை நான் அதுவரை பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க தட்டை நான்தான் பாத்துட்டிருக்கேன். பூஞ்சை நூல்ல பெரும்பாலும் கரும்பு மாதிரி கணு கணுவா தடுப்பு இருக்கும். இதுல தேடித்தான் பாக்க வேண்டியிருக்கு. எனக்கு ஒரு சந்தேகம். கண்ணுல தண்ணி பட்டுதா? குளம், ஏரி, கிணறு, வயல் தண்ணி?"

"இல்லீங்க சார். அலுமினியத் தூள்தான்."

"விழுந்தப்புறம்?"

"கழுவினேன்."

"எதுல?"

அப்போதுதான் முழுக்கதையையும் சொன்னேன். பச்சைத் தாங்கி, போஸ்டர், ஊறின துணி வாசம். தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். லாரியில், என்றேன். லாரிக்கு? யாருக்குத் தெரியும், ஏதாவது வயல் கிணறாக இருக்கும். எங்கள் வீட்டுக்கும் கோடையில் லாரித் தண்ணீர்தான் என்பதையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு சோதனை இருக்கு. புல்லு வேணும்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். "இன்னா சார், புல்லா? கண்ணு நோவுக்குப் புல்லா?"

"ஆமாங்க. புல்லைக் கொதிக்க வெச்சு சுத்தப்படுத்தி, தட்டுல அது வளந்திருக்கற இடத்து மேல போட்டு வைப்பேன். புல்லுல அது ஏறிக்கும். அப்புறம் அந்தப் புல்லைத் தண்ணில மிதக்கவிட்டுப் பாப்பேன். நெஜமான பூஞ்சையா இருந்தா தண்ணில ஒண்ணும் ஆகாது. நான் சந்தேகப்படறதா இருந்தா, நீந்திக்கிட்டு வெளிய வரும்."

அவர் போன பிறகு ஏழுமலை என் காதோரம், "ஆளு தெளிவாத்தான் கீறாரா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் ஆபரேஷனை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். ஆஸ்பத்திரிப் புல்தரையில் தோட்டக்காரர் மருந்து தெளித்திருந்தாராம். கடைசியில் ஏழுமலையே ரோட்டோரம் போய் ஒரு பிடி அறுகம்புல் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பிள்ளையாருக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் என்னை லேபுக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் கெஞ்சிக் கேட்டிருந்தேன், பார்க்கலாமா என்று. மைக்ராஸ்கோப்போடு ஒரு திரையை இணைத்திருந்தார்கள். இடது கண்ணால் பார்த்தேன். பச்சையாகப் புல்லின் விளிம்பு. அதிலிருந்து கண்ணாடி இழைகள். ஒரு இழையின் நுனியில் குமிழ் மாதிரி ஒன்று ஊதிக்கொண்டு நின்றது. குமிழுக்குள் ஏதோ துடித்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது குமிழ் கிழிந்து, உள்ளேயிருந்து பொடிப் பொடியாக நாலா பக்கமும் நீந்திப் போயின. ஒன்று திரையின் ஓரம்வரை போய்த் திரும்பி வந்தது.

இதுதான் என் கண்ணுக்குள் இருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"இது பூஞ்சை இல்லம்மா" என்றார் லேப் டாக்டர். "பேரு பித்தியம். பாத்தா பூஞ்சை மாதிரியே இருக்கும், வளர்றதும் அப்படித்தான். ஆனா சொந்தம் பாசிங்க பக்கம். தண்ணில வாழறது."

"அப்போ பாக்டீரியாவா சார்?" என்றார் ஏழுமலை.

"அதுவும் இல்ல."

"அப்போ மருந்து?"

"பாக்டீரியாவுக்குக் குடுக்கற மருந்துலதான் சிலது இதுக்குக் கேக்குது."

ஏழுமலை விரல்விட்டு எண்ணினார். "பூஞ்சை இல்ல, பூஞ்சை மாரி. பாக்டீரியா இல்ல, பாக்டீரியா மருந்து கேக்கும். பாசிக்குச் சொந்தம், பாசியும் இல்ல. சார், தப்பா நெனைக்காதீங்க. அது இன்னாதான் சார்?"

"மரபணு சோதனைக்கும் அனுப்பியிருக்கேன், அதுவும் வந்துரட்டும்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. பூஞ்சை மருந்து இதை ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் விளக்கினார். பூஞ்சையின் தோலில் உள்ள ஒரு பொருளைப் பிடித்துத்தான் அந்த மருந்து அதைக் கொல்லுமாம். இதன் தோலில் அந்தப் பொருள் அவ்வளவாகக் கிடையாதாம். அத்தனை நாள் மணிக்கொரு தரம் நாங்கள் போட்டதெல்லாம் வீண். யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்றே மருந்து மாறியது. மூன்றாம் நாள் டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, புண் பெரிதாகவில்லை என்றார். அடுத்த வாரம் சுருங்குகிறது என்றார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னபோது அந்தக் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது.

இனி அடுத்த குழப்பம். கண் கழுவும் குழாய்த் தண்ணீரில்தான் வந்தது என்று நான் சொன்னதற்கு, ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை லேப் டாக்டர். "அந்தத் தண்ணியைச் சோதிச்சாத்தான் சொல்ல முடியும். உங்க வீட்டுத் தண்ணியாவும் இருக்கலாம்." ஏழுமலை கம்பெனிக்கே போய் நியாயம் கேட்கக் கிளம்பினார். நான் தடுத்து, மாரிக்கு போன் போட்டு, ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன்.

அவள் மதியம் கூப்பிட்டாள். "யக்கா, ஆடிட் வருதுன்னு முந்தாநேத்தே தொட்டியைக் கவுத்துக் கழுவிட்டாவ. பிளீச்சிங் பவுடர் வாசம் ஆளைத் தூக்குது. புதுத் தண்ணி ஊத்தியாச்சு. பெயின்ட்கூடப் புதுசு அடிச்சிருக்காவ."

"உன்னை யாராச்சும் பாத்தாங்களா?"

"சூப்பர்வைசர் பாத்தாரு. என்னம்மா அதுல தண்ணி பிடிக்கன்னாரு. கண்ணு கழுவன்னு சொன்னேன். சும்மா சும்மா அதைத் தொறக்காத, ஆடிட்டுக்கு அப்படியே இருக்கணும்னுட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது. எங்கள் வீட்டு லாரித் தண்ணீரைச் சோதித்தார்கள், அதில் எதுவும் அகப்படவில்லை. அகப்படாததால் இல்லை என்று அர்த்தமில்லையாம். மாரியின் கைக்குட்டையால் எடுத்திருந்தால் இது வந்திருக்குமா, வராதா, அதைவிட மோசமாக ஏதாவது வந்திருக்குமா? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சரியாக நடந்துகொண்டதால்தான் கண் இப்படி ஆனதா என்ற கேள்வியை நான் கேட்காத டாக்டர் இல்லை. "கழுவினது சரிதாம்மா, தண்ணிதான் சரியில்லாம இருந்திருக்கலாம்" என்றார்கள். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இப்போது கண் இருக்கிறது. புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நிற்கிறது. இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு கண்ணும் தேறினால்தான் எடுப்பார்கள், அதுவரை பேக்கிங்கில் நிற்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தழும்பு தெளியுமா, பிறகு மாற்றுக் கருவிழி வைக்க வேண்டிவருமா என்பது போகப் போகத்தான் தெரியும். கிருமி செத்துவிட்டதா, உறங்குகிறதா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். இடது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னார்கள். பலகை இருப்பது தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. பார்வை சோதிக்கிற பெண் எழுந்து வந்து விரல்களைக் காட்டினாள். கை தெரிந்தது, எத்தனை விரல் என்று சொல்ல முடியவில்லை. அவள் குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு மாதம் மருந்து போட்டும் இவ்வளவுதானா?

கதவருகே நின்ற ஏழுமலை, "கையை எடுக்காத. அப்டியே மூடிக்கினு இரு" என்றார். "நான் தெரியறேனா?"

"யாரோ நிக்கிறது தெரியுது."

ஒரு எட்டு வைத்தார். "இப்போ?"

"சட்டை நீலம்."

இன்னொரு எட்டு. "இப்போ?"

"மீசை இருக்கு. மூக்குப் பக்கம் மங்கல்."

பத்துப் பேர் இருக்கும் இடத்தில் என் பக்கத்தில் உட்காரக்கூடக் கூச்சப்படுகிறவர், என் முட்டியில் அவர் முட்டி இடிக்கும்வரை வந்து, குனிந்து, முகத்தை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். தழும்பைச் சுற்றி, ஓரத்துத் தெளிவில் தேடித் தேடிப் பார்த்தேன்.

"ஏங்க அழுவுறீங்க?" என்றேன்.

"அது தெரிதா உனக்கு?" என்றார்.

தெரிகிறது என்றேன்.